வல்லுப் பலகையும் பல்லாங்குழியும்

ஏர் எத்தனை ஆண்டு உழைக்கும், தறி எத்தனை ஆண்டு உழைக்கும், வண்டிச் சக்கரம் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டால் நம் பெரியோர்கள் உடனே விடை சொல்லுவார்கள். ஆடுபலகை ஒன்று எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்டாலோ நகைப்பார்கள். விளையாட்டுச் சாமானுக்கும் ஆயுள் கணக்கு உண்டா என்பார்கள். உண்டு. அக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் நம் நாட்டு வரலாற்றில் ஒரு பகுதி அதனுள் அடங்கியிருப்பது புலனாகும். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடங்கிய வானம் பார்த்த பூமியை நடுவாக வைத்துக்கொண்டு அக்கணக்கை இப்போது பார்ப்போம்.

தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கண நூலாகிய தொல்காப்பியத்தில், எழுத்ததிகாரத்தில், 'வல்' என்னும் ஒரு சொல்லுக்குப் புணர்ச்சி விதி கூறப்படுகிறது. வல் என்பது சூதாடும் கருவி. அச்சொல்லின் பின் 'நாய்' என்னும் சொல்லும் 'பலகை' என்னும் சொல்லும் வந்தால் எவ்வாறு புணரும் என்று ஆசிரியர் தனியே விதி வகுக்கிறார். வல்லநாய், வல்லப்பலகை என்பன உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். இங்கே நாய் என்றது வீட்டைக் காக்கும் நாயை அன்று. பலகையின்மேல் நகர்த்தும் காயை. கிரேக்கரும் தம் ஆட்டம் ஒன்றில் காயை நாய் என்றே அழைத்தனர் என்பது வேடிக்கையான ஒற்றுமை. அது நிற்க. இலக்கண ஆசிரியர் ஒருவர் ஆட்டக்காய்க்கும் ஆடுபலகைக்கும் தனி விதி எழுத நேர்ந்தது என்றால், அச்சொற்கள் மக்கள் நாவில் நாள்தோறும் புழங்கியிருத்தல் வேண்டும்.

அந்த வல்லுப் பலகை எங்கே இருந்தது? வீட்டில் அன்று. ஊர்ப் பொதுவிடமாகிய பொதியிலில் இருந்தது. ஆடியவர் யார்? நரைத்த தலையையுடைய முதியோர். சங்கப் பாடல்கள் இரண்டு இதற்குச் சான்று. புறநானூற்றின் 52-ஆம் பாடலில், கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி என்னும் பாண்டியனுடைய வலிமையை மருதன் இளநாகனார் பாடுகிறார். அவனைப் பகைத்தோருடைய நாடு என்ன ஆகும் என்பதைச் சொல்ல அவர் கோட்டை இடிந்ததையோ யானை வீழ்ந்ததையோ காட்டவில்லை. பலி வழங்குவது நின்றுபோன பாழ்பட்ட பொதியிலைக் காட்டுகிறார். அங்கே முதியோர் காயை வைத்து வைத்து ஆடியதால் குழிந்துபோன இடங்கள் இருக்கின்றன. ஆடுவார் இல்லாத அக்குழிகளில் காட்டுக்கோழி முட்டையிட்டு நிரப்பியிருக்கிறது.

அகநானூற்றின் 377-ஆம் பாடல் பாலைத்திணையைச் சேர்ந்தது. நீண்ட கோடை, புலம் வாடிக் கிடக்கிறது, எறும்பு தன் வளையில் சேர்த்துவைத்த புல்லரிசியையும் மறவர் தோண்டி எடுத்துக்கொள்ளும் கொடிய வறுமை. அந்நிலத்திலும் ஒரு பொதியில் நிற்கிறது. முதியோர் தலை கவிழ்ந்து கருத்தூன்றி ஆடிய வல்லுப் பலகையைக் கறையான் அரித்து அழகு கெடுத்துவிட்டது.

இவ்விரண்டு பாடல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. ஒரு பொதியிலில் மனிதர் கை பட்டுப் பட்டுத் தேய்ந்தது. மற்றொன்றில் மனிதர் கை படாமையால் கறையான் தின்றது. தேய்வு வேறு, அழிவு வேறு. ஆட்டக் குழி ஆழமாவது ஆட்டம் உயிரோடு இருந்ததற்கு அடையாளம். கறையான் புற்று அது நின்றுபோனதற்கு அடையாளம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் புலவர்கள் இவ்வேறுபாட்டைக் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார்கள். இன்றைய பொறியியல் மாணவர்கள் இவ்விரு பாடல்களையும் படித்தல் நன்று என்பது என் எண்ணம்.

முட்டைகள் நிறைந்த குழிகள் நமக்குப் பாட்டில் எஞ்சின. ஆட்டத்தின் விதிகளோ எந்த ஏட்டிலும் வந்து சேரவில்லை. காயை எப்படி நகர்த்தினார்கள், எத்தனை காய், யார் வென்றதாகக் கொண்டார்கள் என்பவை ஆடிய முதியோருடனேயே போயின. பொதியில் பாழானபோது வல்லும் பாழாயிற்று. ஆட்டத்திற்கென்று இருந்த ஒரே இடம் பொதுவிடமாகவே இருந்துவிட்டால் வரும் இடர் இது.

மண்ணுக்குள் கிடைப்பவையும் இத்தகையனவே. மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக்கு அருகில் உள்ள கீழடியில் 2015-இல் தொடங்கிய அகழாய்வுகளில் தந்தத்தாலான பகடையும், சுடுமண் ஆட்டக்காய்களும், பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளும் கிடைத்தன. அருப்புக்கோட்டை அடங்கிய விருதுநகர் மாவட்டத்திலேயே, வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் 2022-இல் தொடங்கிய அகழாய்விலும் சுடுமண் ஆட்டக்காய்கள் வெளிவந்தன. சுட்ட மண்ணைக் கறையான் தின்னாது, துரு பிடிக்காது, உருக்கி விற்கவும் இயலாது. ஆகவே காய்கள் நிலைத்தன. அவற்றை எடுத்து உருட்டத்தான் ஆட்டம் தெரிந்த கை இல்லை. சில்லு மட்டும் ஒரு விலக்கு. உடைந்த ஓட்டைத் தரையில் தேய்த்து வட்டமாக்கிப் பாண்டி ஆடிய சிறுமியரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஓடு உடைந்த வீட்டில் எல்லாம் அந்த விளையாட்டுச் சாமான் இலவசமாகக் கிடைத்தது!

இனி அருப்புக்கோட்டைப் பக்கம் செல்வோம். மல்லிகை அரும்பினால் அரும்புக்கோட்டை என்று பெயர் பெற்றுப் பின் அருப்புக்கோட்டை ஆயிற்று என்பர். நெசவும் பருத்தியும் வளர்த்த ஊர். கிழக்கே குண்டாற்றின் கரையில் சுந்தரர் தேவாரம் பெற்ற திருச்சுழி. 1879-இல் இரமண மகரிஷி பிறந்த ஊர். ஆற்றில் நீர் ஓடும் நாள்களை விட மணல் தெரியும் நாள்களே மிகுதி. ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஓய்ந்துவிடும். கண்மாய் நிறைந்தால் வேளாண்மை. நிறையாவிட்டால் கம்பும் சோளமும் பருத்தியும் தம் விதிப்படி. பங்குனி பிறந்தால் ஆடி வரையில் காட்டில் பெரிய வேலை இல்லை. நண்பகலில் வெளியே தலைகாட்டவும் இயலாது. அந்த நீண்ட வெயில் பொழுதைக் கழிக்க வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் ஆட்டங்கள் வளர்ந்தன என்பதில் வியப்பில்லை.

கரிசல் நிலம் ஆட்டக்குழிக்குப் பொல்லாத நிலம். கரிசலில் உள்ள களிமண் மழை பெய்தால் நீரை உண்டு உப்பும். வெயில் ஏறினால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவதும் உண்டு. அத்தகைய தரையில் பதினான்கு குழி பறித்து வைத்தால் ஒரு பருவம்கூடத் தாங்காது. மழையில் குழி தூர்ந்து போகும். கோடையில் விட்ட காய் வெடிப்புக்குள் விழுந்து மறையும். சிறுவர்கள் அன்றன்று குழி பறித்து அன்றன்று ஆடி எழுந்தார்கள். பெண்களுக்கோ பலகை வேண்டியிருந்தது. அதுவே பல்லாங்குழிப் பலகை.

ஒரு வரிசைக்கு ஏழாக இரு வரிசையில் பதினான்கு குழி. இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடுவது. குழிக்கு ஐந்து காய் என்று இட்டால் எழுபது காய். சில ஊர்களில் ஆறு, சில ஊர்களில் பன்னிரண்டு. தன் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே சென்று, கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரவேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர். குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார். கண்ணை மூடித் திறப்பதற்குள் குழியைப் பார்த்தே எண்ணிக்கையைச் சொல்லும் பாட்டிமார்களைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியரும் வெல்ல முடியாது.

இவ்வகை ஆட்டம் நமக்கு மட்டும் உரியது அன்று. ஆப்பிரிக்கா முழுவதும் பல பெயர்களில் ஆடப்படுகிறது. மலாய் மக்கள் சொங்காக் என்கின்றனர். பிலிப்பைன்ஸ் தீவினர் சுங்கா என்கின்றனர். இலங்கையில் சிங்களவர் தம் புத்தாண்டில் குன்றிமணியை வைத்து ஆடுவதற்கு ஒலிந்தா கெளிய என்று பெயர். எங்கே தோன்றி எங்கே சென்றது என்னும் வழக்கு முடிவு காணாதது. அதில் நாம் இறங்க வேண்டா.

பலகையின் ஆயுளுக்கு வருவோம். அது பெரும்பாலும் மரத்தால் ஆனது. பூவரசு, வேம்பு, வாகை ஆகியன இந்நிலத்தில் கிடைக்கும் மரங்கள். தச்சர் ஒரே கட்டையைக் குடைந்து பலகை செய்வார். இரண்டாக மடக்கும் பலகையும், மீன் வடிவில் செதுக்கிய பலகையும் உண்டு. இந்த வறண்ட காற்றில் மரத்துக்கு இரண்டு பகை. ஈரம் முற்றிலும் ஆறாத மரத்தைக் குடைந்துவிட்டால் முதற் கோடையிலேயே நரம்போடு பிளக்கும். பிளக்காமல் தப்பியது பரணில் ஏறினால் கறையானும் உளுவண்டும் கவனித்துக்கொள்ளும். ஆடப்படும் பலகைக்கு இவ்விரண்டு அச்சமும் குறைவு. ஏன்? வாரம் நான்கு நாள் அதனைக் கையில் எடுக்கிறார்கள். கறையான் மண்பூச்சுப் போட்டால் அன்றே தெரிந்துவிடும். தலைக்கு எண்ணெய் வைத்த கை குழியில் படுகிறது; குழிகள் வழவழப்பாகி நிறம் கறுத்து மெருகேறுகின்றன. பாட்டிக்குக் கல்யாணச் சீராக வந்த பலகையில் பேத்தி ஆடினாள் என்றால், மரத்தின் உறுதி பாதி, அந்தக் கை பாதி.

பித்தளையில் வார்த்த பலகையும் உண்டு. மரத்தை விடப் பித்தளை நெடுங்காலம் உழைக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். உலோகம் உழைக்கும், மெய்தான். பலகை உழைக்கும் என்பது உறுதி இல்லை. பித்தளைக்கு எடைக்கு விலை உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் நகைகளையும் பாத்திரங்களையும் விற்று உயிர் காத்தனர். அத்தகைய காலத்தில் சோறு ஆக்கும் பானையை வைத்துக்கொண்டு விளையாடும் பலகையை விற்பதே எந்தக் குடும்பத்துக்கும் இயல்பு. பின்னாளில் எவர்சில்வர் வந்தபோதும் பழைய பித்தளை கடைக்குப் போயிற்று. வேப்பமரப் பலகையை வாங்குவார் இல்லை. அதனாலேயே அது வீட்டில் நின்றது. உறுதியான பொருள் முதலில் மறைவதும், மலிவான பொருள் பின்னும் நிற்பதும் வரலாற்றில் அடிக்கடி காணும் விந்தை.

காய்களின் கதை இதைவிடச் சுவையானது. சோழி கடலிலிருந்து வரவேண்டும், ஆனால் உடையாது. மஞ்சாடி நிறம் மங்காது. புளியங்கொட்டையோ சில ஆண்டுகளில் வண்டு துளைத்துப் பொடியாகும். ஆயினும் கரிசல் காட்டு வீடுகளில் மிகுதியாக ஆடியது புளியங்கொட்டையை வைத்துத்தான். மாசி, பங்குனியில் புளி உடைக்கும்போது ஒரு படி கொட்டை வீட்டிலேயே கிடைக்கும். பழைய காய் போனால் புதுக்காய் அடுப்பங்கரையில் இருக்கிறது. அதே கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் வெள்ளையாகும்வரை தேய்த்துவிட்டால் தாயம் உருட்டும் பகடையும் ஆயிற்று. ஒரு கருவியின் ஆயுள் அதன் உறுப்புகளின் உறுதியில் மட்டும் இல்லை. போன உறுப்புக்கு மாற்று எவ்வளவு தொலைவில் கிடைக்கிறது என்பதிலும் இருக்கிறது.

இவ்விடத்தில் கடல் கடந்து ஓர் எந்திரத்தைப் பார்த்துவிட்டு வருவது பயன் தரும். அமெரிக்க நாட்டில் பின்பால் என்னும் ஆட்ட எந்திரம் ஒன்று உண்டு. சாய்வான ஒரு பெட்டி, மேலே கண்ணாடி, உள்ளே எஃகுக் குண்டு ஒன்று முளைகளிலும் தடுப்புகளிலும் மோதி மோதி உருண்டு இறங்கும். வில்லால் குண்டைத் தள்ளும் அமைப்புக்கு 1871-இல் ரெட்கிரேவ் என்பவர் காப்புரிமை பெற்றார். 1931-இல் சிக்காகோ நகரத்துக் காட்லீப் நிறுவனம் வெளியிட்ட 'பாஃபிள் பால்' என்னும் எந்திரம் கடைதோறும் பரவியது. காசு போட்டால் ஆடலாம். 1947-இல் வெளிவந்த 'ஹம்ப்டி டம்ப்டி' என்னும் எந்திரத்தில்தான், ஆடுபவர் பொத்தானை அழுத்திக் குண்டைத் திருப்பி அடிக்கும் சிறு துடுப்புகள் முதன்முதலாக அமைந்தன. இதைச் சூதாட்டம் என்று கருதி நியூயார்க் நகரம் 1942-இல் தடை செய்தது. எந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தது. 1976-இல்தான் தடையை நீக்கியது.

இவ்வெந்திரங்கள் வீட்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆட்டக் கூடங்களுக்காகச் செய்யப்பட்டவை. அங்கே நாள் முழுதும் குண்டு உருண்டு மரத்தளத்தின் வண்ணத்தைத் தேய்க்கும். இரப்பர் வளையங்கள் அறும். ஆனால் காசு விழுவது நிற்கக்கூடாது என்பதற்காகக் கூடத்துக்காரர் அன்றன்று பழுது பார்ப்பார். 1990-களில் ஆட்டக் கூடங்கள் அருகின. 1999-இல் வில்லியம்ஸ் என்னும் பெரிய நிறுவனம் பின்பால் செய்வதையே விட்டது. எஞ்சிய எந்திரங்கள் வீடுகளுக்குப் போயின. வீட்டில் தேய்வு குறைவு. ஆயினும் வேறொரு பகை வந்தது. 1970-களின் இறுதியிலிருந்து மின்னணு உறுப்புகள் வைத்துச் செய்த எந்திரங்களில், எண்ணிக்கையை நினைவில் வைப்பதற்காகச் சிறு மின்கலங்கள் உண்டு. ஆடாமல் மூலையில் கிடக்கும் எந்திரத்தில் அக்கலம் கசிந்து, செப்புத் தடங்களை அரித்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஆயிரம் பேர் ஆடியும் கெடாத எந்திரம், ஒருவரும் ஆடாத சில ஆண்டுகளில் உள்ளே அழிந்துபோகும்.

அகநானூற்றுக் கறையானைச் சிக்காகோ எந்திரத்துக்குள் காண்கிறோம் அன்றோ? பொதியிலும் ஆட்டக் கூடமும் ஒரே வழியில் சென்றன. பலர் கூடிய வரையில் கருவி தேய்ந்தும் வாழ்ந்தது. கூட்டம் கலைந்ததும் வீழ்ந்தது. பின்பால் எந்திரத்துக்கு வீடு என்னும் இரண்டாவது புகலிடம் கிடைத்தது. வல்லுக்கு அது கிடைக்கவில்லை. பல்லாங்குழியோ தொடக்கத்திலிருந்தே வீட்டில் இருந்தது.

வீட்டில் இருந்தது என்பதைவிட வீடு விட்டு வீடு சென்றது என்பதே பொருந்தும். திருச்சுழிப் பக்கத்துப் பெண் அருப்புக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டால், சீர்வரிசையோடு பலகையும் வரும். பலகையோடு தாய் வீட்டு ஆட்ட முறையும் வரும். மாமியார் வீட்டு முறை வேறாக இருக்கும். எங்கள் ஊரில் பசு நாலு, உங்கள் ஊரில் பசுவே இல்லையா என்று தொடங்கும் வழக்கு, இரண்டு முறையும் தெரிந்த மருமகள் ஒருத்தியை அவ்வீட்டுக்கு அளித்துவிட்டு அடங்கும். கருவுற்றிருக்கும் பெண்ணுக்கு ஓய்வுப் பொழுது; வயதுக்கு வந்த பெண் தனித்திருக்கும் நாள்கள்; வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க வேண்டிய கட்டாயம். இவையெல்லாம் பலகையைப் பரணிலிருந்து இறக்கும் வேளைகள். நெசவாளர் வீடுகளில் தார் சுற்றும் வேலைக்கும் உலை வைக்கும் வேலைக்கும் இடையே கிடைக்கும் அரைமணியும் அப்படித்தான். ஆண்கள் எழுதிய வரலாற்றில் இவ்வேளைகள் இடம்பெறவில்லை. ஆனால் வல்லாடிய நரைமூதாளர் காக்கத் தவறியதை, பல்லாங்குழி ஆடிய பெண்கள் ஒரு வரியும் எழுதாமல் காத்துத் தந்திருக்கிறார்கள். சான்றோர் அவையை விட முற்றத்துக்கு நினைவாற்றல் மிகுதி என்று நான் சொன்னால் சிலர் சினங்கொள்ளக்கூடும், கொள்ளட்டும்.

இப்போது அந்த முற்றங்களுக்கே இடர் வந்திருக்கிறது. கண்மாய்கள் தூர்ந்தன, காடெல்லாம் சீமைக்கருவேலம் ஏறிற்று, பிழைப்பு நாடி இளையோர் மதுரைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்றனர். பல ஊர்களில் பூட்டிய வீடுகளும், திண்ணையில் தனியே அமர்ந்த முதியோருமே மிச்சம். பல்லாங்குழி ஒருவராக ஆடும் ஆட்டம் அன்று. எதிரே ஒருவர் அமர வேண்டும். பழம்பொருள் வாங்க வருவோர் நன்றாகத் தேய்ந்து மெருகேறிய பலகைக்கே மிகுந்த விலை தருகின்றனர். நகரத்து வரவேற்பறைச் சுவரில் அது தொங்கும்போது கறையான் தீண்டாது, பிளப்பு விடாது. பலகைக்கு அதுவும் ஒரு வகையில் நீண்ட ஆயுளே. கடைகளில் புதுப் பலகைகளும் நெகிழியில் வந்துவிட்டன. அட்டைப் பெட்டியின் உள்ளே விதிகளை அச்சிட்ட தாள் ஒன்று இருக்கும். அத்தாளில் இருப்பது ஓர் ஊரின் முறை மட்டுமே.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவர்கள் பாட்டியிடம் கேட்கத்தக்கவை சில உள்ளன. குழிக்கு எத்தனை காய் இட்டார்கள்? பசு உண்டா? வெறுங்குழியைத் தடவியபின் எடுக்கும் காய் எதிர்ப்பக்கத்துக் குழியையும் சேர்த்தா, சேர்க்காமலா? ஓர் ஆட்டம் முடிந்து மறு ஆட்டத்துக்குக் காய் நிரப்பும்போது, தோற்றவருக்கு ஏழு குழிக்கும் போதிய காய் இராது. நிரம்பாத குழியை ஆட்டத்திலிருந்து விலக்கி, அதன்மேல் ஓர் ஈர்க்குச்சியையோ துரும்பையோ போட்டு வைப்பதுண்டு. அந்தக் குழிக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர். உங்கள் பாட்டி அதை என்ன பெயரால் அழைத்தார் என்று கேட்டு, தேதியும் ஊரும் போட்டு எழுதி வையுங்கள்.